ஊக்கம் வேறு, பதற்றம் வேறு

மனிதன் அவசர இயல்புடையவனாக இருக்கின்றான் என்று திருமறையின் 17ஆம் அத்தியாயம் எடுத்தியம்புகின்றது. 21ஆம் அத்தியாயமோ ஒருபடி மேலே சென்று, அவன் அவசரத்தினாலேயே படைக்கப்பட்டிருக்கின்றான் என்னும் பொருள்பட உரைக்கின்றது. நம்மைப் படைத்த இறைவனே நம் குறையைச் சுட்டிக் காட்டும்பொழுது, அதனைக் கேட்டுத் தலைகுனிவதோடு நாம் நின்றுவிடலாகாது. அந்த அவசரம் நம் உடலையும், உழைப்பையும், இல்லத்தையும் என்ன செய்துகொண்டிருக்கின்றது என்பதையும் ஆராய்ந்து பார்த்தல் வேண்டும்.

அன்புச் சகோதரர்களே, சகோதரிகளே! உங்களுடைய ஒரு நாளைச் சற்றே நினைத்துப் பாருங்கள். பஜ்ருத் தொழுகையில் ஸலாம் கொடுத்த மறுகணமே மனம் அலுவலகத்திற்கோ கடைக்கோ ஓடிவிடுகின்றது. வாய் காலை உணவை விழுங்க, கண் கடிகாரத்தை நோக்குகின்றது. எதிரே இருப்பவர் பேசி முடிப்பதற்குள் மறுமொழி நாவின் நுனிக்கு வந்துவிடுகின்றது. உடன் பணியாற்றுபவருக்குப் பதவி உயர்வு கிடைத்தால் அன்றிரவு உறக்கம் கெடுகின்றது. பக்கத்துக் கடையில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்வரை நம் கடையை அடைக்க மனம் வருவதில்லை. “அத்தா எப்பொழுது வருவார்?” என்று கேட்டுக் கேட்டுப் பிள்ளைகள் உறங்கிப் போகின்றனர். இவ்வளவு பாடுபட்டும், செய்யும் தொழிலில் மனநிறைவு இருக்கின்றதா என்று வினவினால், பெருமூச்சே விடையாக வருகின்றது.

மலை கற்பிக்கும் பாடம்

இந்த அலுப்புத் தீர நம் தமிழகத்துக் குடும்பங்கள் நாடிச் செல்லும் இடங்களுள் ஒன்று ஏற்காடு. சேலத்திலிருந்து சேர்வராயன் மலையின்மீது ஏறிச் செல்லும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. எத்துணை விலையுயர்ந்த வாகனமாயினும் ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைத் தணித்தே ஆகவேண்டும். ஏறக்குறைய 5,000 அடி உயரத்தில், ஏரியும் காடும் சேர்ந்த ஊராதலின் அது ஏற்காடு எனப் பெயர் பெற்றது என்பர்.

ஆயினும் அங்குச் செல்வோரில் பலர் செய்வதென்ன? ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், கிளியூர் அருவி ஆகிய அனைத்தையும் ஒரே பகலில் பார்த்து முடித்துவிட வேண்டும் என்று மனைவி மக்களை விரட்டுகின்றனர். அடிவாரத்திலேயே விட்டுச்செல்ல வேண்டிய பரபரப்பை மூட்டையாகக் கட்டி மலைக்கும் சுமந்து செல்கின்றனர். ஓய்வெடுப்பதிலும் ஒரு போட்டி! களிப்பதிலும் ஒரு கெடு!

அவ்வாறு ஓடாமல், அம்மலையில் நின்று நிதானித்துப் பார்க்கத்தக்க காட்சி ஒன்று உண்டு. அதுவே காப்பித் தோட்டம். 1820களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரையின் காலத்தில் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிர் வேரூன்றியது. சில்வர் ஓக் மரங்களின் நிழலில், அவற்றைப் பற்றிப் படர்ந்த மிளகுக் கொடிகளுக்கிடையே காப்பிச் செடிகள் நிற்கின்றன. மார்ச், ஏப்ரல் மாதங்களில் பெய்யும் கோடை மழைக்காக அவற்றின் அரும்புகள் காத்துக் கிடக்கின்றன. மழை பெய்து ஒரு வாரம், பத்து நாட்களில் மல்லிகையை ஒத்த வெண்மலர்கள் ஒருசேரப் பூத்து மணம் பரப்புகின்றன. பூத்தது பழமாகிச் சிவக்க எட்டு, ஒன்பது மாதங்கள் ஆகின்றன. எந்த முதலாளியின் ஆத்திரமும், எந்தச் சந்தையின் நெருக்கடியும் அதனை ஒரு மாதம் முன்னதாகப் பழுக்கச் செய்வதில்லை.

பழம் சிவந்த பிறகோ நிலைமை வேறு. பறித்த பழத்தை அன்றைக்கே இயந்திரத்தில் இட்டுத் தோல் நீக்கியாக வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று குவித்து வைத்தால் அது புளித்துச் சுவை கெட்டுவிடும். அங்கே சோம்பலுக்கு இடமில்லை. ஆனால் அந்தச் சுறுசுறுப்பிற்கும் ஒரு வரம்புண்டு. எடைக்கு இவ்வளவு கூலி என்று பேசப்பட்ட இடத்தில், அடுத்தவரைவிட முன்னதாகக் கூடையை நிரப்பிவிட வேண்டும் என்று ஒருவர் கிளையை உருவினால், காயும் பழமும் கலந்து விழும். அடுத்த ஆண்டு பூக்கவேண்டிய கணுக்களும் சிதையும். கைதேர்ந்த தொழிலாளியின் விரல்களோ, சிவந்ததை மட்டும் தேர்ந்து, விரைவாகவும் இயங்குகின்றன, பதறாமலும் இயங்குகின்றன.

ஊக்கம் என்பது ஒன்று. பதற்றம் என்பது முற்றிலும் வேறொன்று என்பதை இதனின்று நாம் விளங்கிக்கொள்ளலாம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி, பதறுகின்றவனே உழைப்பாளி என்று மயங்குவதே நம் காலத்தின் பெரும் பிழையாகும்.

காப்பிக்கும் இஸ்லாமியர்க்கும் உள்ள உறவு பழமையானது. 15ஆம் நூற்றாண்டில் யமன் நாட்டு சூபி ஞானியர், இரவில் விழித்திருந்து திக்ரு செய்வதற்குத் துணையாக இப்பானத்தை அருந்தினர். அந்நாட்டிலிருந்து ஏழு விதைகளைக் கொணர்ந்து கருநாடகத்துச் சிக்கமகளூர் மலையில் ஊன்றியவர் பாபா புதன் என்னும் இறைநேசர் என்பது வழிவழியாகக் கூறப்பட்டு வரும் செய்தி. இறைவனின் நினைவில் நிலைத்திருப்பதற்காக அப்பெரியோர் பருகிய பானத்தை, நாம் இன்று நின்றபடியே தொண்டையில் ஊற்றிக்கொண்டு ஓடுகின்றோம். பானம் அதுவேதான், பருகுவோரின் உள்ளமே மாறிவிட்டது.

மருத்துவர்கள் கண்டது

மருத்துவ உலகமும் இவ்வவசரத்தை ஆராயாமல் இல்லை. அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் மேயர் ப்ரீட்மன், ரே ரோசன்மன் என்னும் இருதய மருத்துவர் இருவர் இருந்தனர். அவர்களிடம் வரும் நோயாளிகள் காத்திருக்கும் நாற்காலிகளைச் செப்பனிட வந்த தொழிலாளி ஒருவர், இருக்கைகளின் முன்விளிம்பு மட்டும் தேய்ந்திருப்பதைக் கண்டு வியந்தாராம். நோயாளிகள் சாய்ந்து அமரவே இல்லை. எழுந்து ஓடுவதற்கு ஆயத்தமாக நுனியிலேயே அமர்ந்திருந்தனர்!

1958ஆம் ஆண்டில் அம்மருத்துவர்கள், கணக்கர்களைப் பற்றிய தங்கள் ஆய்வை வெளியிட்டனர். அந்நாட்டில் வருமானவரிக் கணக்கை ஒப்படைக்கும் கடைசி நாளாகிய ஏப்ரல் 15 நெருங்குங்கால், கணக்கர்களின் இரத்தத்தில் கொலஸ்டிரால் உயர்ந்தது; இரத்தம் விரைவாக உறையலாயிற்று. கெடு கடந்து வேலைப்பளு குறைந்தபின் அவை தணிந்தன. மார்ச் மாத முடிவில் கணக்கு முடிக்கும் நம் அலுவலகத்துச் சகோதரர்களுக்கு இச்செய்தியை விளக்கிக் கூற வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டே, எதிலும் போட்டி, எப்பொழுதும் அவசரம், எளிதில் எரிச்சல் ஆகிய குணங்கள் ஒருங்கே அமைந்தவர்களை ‘ஏ’ வகையினர் என்று அவர்கள் வகுத்துரைத்தனர். பின்னர் கலிபோர்னியாவில் பணிபுரிந்த 3,154 ஆடவர்களை எட்டரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். 1975இல் வெளிவந்த முடிவின்படி, ‘ஏ’ வகையினருக்கு மற்றவர்களைப் போல் ஏறக்குறைய இருமடங்கு இருதய நோய் நேர்ந்திருந்தது.

ஆயினும் ஆராய்ச்சி அத்துடன் நின்றுவிடவில்லை. 1985இல் வெளிவந்த மற்றொரு பெரிய ஆய்வில் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. 1988இலோ வியப்பூட்டும் செய்தி ஒன்று வந்தது. முந்தைய ஆய்வில் இருதய நோய் கண்ட 257 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தபொழுது, ‘ஏ’ வகையினரிடையே மரணம் மிகுதியாக இல்லை; மாறாகக் குறைவாகவே இருந்தது.

இம்முரண்பாட்டிற்குக் காரணம் என்ன? பலவகைக் குணங்களை ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டதே காரணம் என்று அறிஞர்கள் சிலர் உணர்ந்தனர். மூட்டையை அவிழ்த்துப் பிரித்துப் பார்த்தனர். 1987இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடையே நடத்திய ஆய்வில், நன்றாகச் செய்து முடிக்க வேண்டும் என்னும் முயற்சி ஒருபுறமும், பொறுமையின்மையும் எரிச்சலும் மறுபுறமுமாக இரு இழைகள் தென்பட்டன. முயற்சி மிகுந்தவர்கள் நல்ல மதிப்பெண் பெற்றனர். அதனால் அவர்களுக்கு உடல் உபாதை மிகவில்லை. பொறுமையற்றவர்களுக்கோ தலைவலி, உறக்கமின்மை போன்ற தொல்லைகள் மிகுந்தன. மதிப்பெண் ஒன்றும் கூடவில்லை.

1990இல் ஆயுள் காப்பீட்டு விற்பனையாளர்களைப் பற்றி வெளிவந்த ஆய்வும் இதனையே உறுதிப்படுத்தியது. ஊன்றி முயல்பவர்கள் மிகுதியாக விற்றனர். தம் தொழிலில் மனநிறைவும் பெற்றிருந்தனர். பொறுமையிழந்து எரிச்சலுறுபவர்களிடமோ மனநிறைவு குறைந்தும் மனச்சோர்வு மிகுந்தும் காணப்பட்டன. இருதயத்தைப் பொறுத்தவரையிலும், உழைப்பைவிடப் பிறர்மீது கொள்ளும் பகைமையும் சினமுமே அதற்கு ஊறு விளைவிப்பதாகப் பல ஆய்வுகள் சுட்டின.

உழைப்பு மனிதனைக் கொல்வதில்லை. உழைப்போடு அவன் கலந்துகொள்ளும் நஞ்சே அவனை வாட்டுகின்றது.

இஸ்லாம் வகுத்த எல்லை

இந்த இரு இழைகளையும் தனித்தனியே பிரித்துக் காட்டிய மார்க்கம் நம் தூய இஸ்லாம். போட்டியிடுவதை அது அடியோடு விலக்கவில்லை. நற்செயல்களில் ஒருவரையொருவர் முந்திக்கொள்ளுமாறு 2ஆம் அத்தியாயத்திலேயே அல்லாஹ் பணித்திருக்கின்றான். தர்மப் பொருள் கொணருமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் ஒருமுறை கேட்டுக்கொண்டபொழுது, இன்று அபூபக்ரை முந்திவிடுவேன் என்று எண்ணித் தம் செல்வத்தில் பாதியைக் கொணர்ந்தார்கள் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள். ஹஜ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்களோ தம்மிடமிருந்த அனைத்தையுமே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். இனி எதிலும் இவரை என்னால் முந்த இயலாது என்று உமர் (ரலி) அவர்கள் மனமார ஒப்புக்கொண்டார்கள். அந்தப் போட்டியில் தோற்றவர் நெஞ்சில் கசப்பு இல்லை. வென்றவர் நெஞ்சில் செருக்கு இல்லை. நம் போட்டிகள் அவ்வாறு முடிகின்றனவா?

பொருளைப் பெருக்குவதில் ஒருவரையொருவர் விஞ்ச நினைக்கும் ஆசையோ, மண்ணறையைச் சந்திக்கும்வரை மனிதனை மறக்கடித்துவிடுகின்றது என்று 102ஆம் அத்தியாயம் எச்சரிக்கின்றது. அந்தப் போட்டியில் வெற்றிக் கம்பம் எங்கே நடப்பட்டிருக்கின்றது, பார்த்தீர்களா? கப்ருஸ்தானில்!

தோல்வியை ஏற்கும் மனப்பான்மையையும் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். அவர்களுடைய அள்பா என்னும் ஒட்டகம் பந்தயத்தில் முந்தப்படாத பெருமை வாய்ந்தது. ஒருநாள் நாட்டுப்புற அரபி ஒருவர் தம் ஒட்டகத்தில் வந்து அதனை முந்திச் சென்றுவிட்டார். தோழர்கள் மனம் வருந்தினர். உலகில் உயர்ந்துவிடும் எந்தப் பொருளையும் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்று கூறி அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் தேற்றினார்கள். இச்செய்தியை அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக இமாம் புகாரி பதிவு செய்துள்ளார்கள். பதவி உயர்வு கைநழுவிய நாளில், வாணிபத்தில் இன்னொருவர் முந்திய நாளில், அள்பாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

நிதானத்தின் சிறப்பை விளக்குவது மற்றொரு நிகழ்ச்சி. அப்துல் கைஸ் கூட்டத்தார் நெடுந்தொலைவிலிருந்து மதீனா வந்தபொழுது, நாயகம் (ஸல்) அவர்களைக் காணும் ஆவலில் வாகனங்களை விட்டிறங்கி ஓடினர். அவர்களுள் அஷஜ் என்பவர் மட்டும் பின்தங்கி, பயணப் பொதியைத் திறந்து நல்லாடை அணிந்து, அமைதியாக வந்து சேர்ந்தார். அல்லாஹ் நேசிக்கும் இரு குணங்கள் உம்மிடம் உள்ளன என்று அவரை நாயகம் (ஸல்) அவர்கள் பாராட்டினார்கள். பொறுமையும் நிதானமுமே அவ்விரு குணங்கள். முதலில் ஓடிவந்தவர்களின் அன்பும் மெய்யன்புதான். எனினும் பாராட்டு, தாமதமாயினும் தகுதியோடு வந்தவருக்கே கிடைத்தது.

இதனினும் தெளிவான சான்று வேண்டுமா? இகாமத் ஒலித்தாலும் தொழுகைக்கு ஓடிவராதீர்கள். அமைதியாக நடந்து வாருங்கள். கிடைத்ததைத் தொழுது, தவறியதை நிறைவு செய்யுங்கள் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கிட்ட கட்டளை. படைத்தவனின் சந்நிதிக்கே பதறி ஓடலாகாது எனில், மேலதிகாரியின் மேசைக்கு மூச்சிரைக்க ஓடுவதை என்னென்பது! பள்ளிவாசலில் விரைந்து விரைந்து தொழுத ஒருவரை, நீர் தொழவில்லை, மீண்டும் தொழுவீராக என்று மும்முறை திருப்பியனுப்பினார்கள் அண்ணலார். அவசரத்தில் செய்தது செய்யாததற்கே நிகர் என்பதை இது காட்டுகின்றது. இருமுறை செய்ய நேரும் அலுவலகக் கோப்புகளும், திருப்பித் தைக்க நேரும் ஆடைகளும் இதற்குச் சாட்சி கூறுமன்றோ!

பணியிடத்தில் நம் கடமை

தொழிலாளியிடம் “சபூர் செய்” என்று உபதேசித்துவிட்டு முதலாளிகள் ஒதுங்கிக்கொள்ளலாகாது. உங்கள்கீழ்ப் பணிபுரிவோர் உங்கள் சகோதரர்கள். அவர்களால் இயலாததை அவர்கள்மீது சுமத்தாதீர்கள். சுமத்த நேர்ந்தால் நீங்களும் உதவுங்கள் என்பது நபிமொழியின் சாரம். காலையில் கொடுத்த வேலையை மாலைக்குள் முடிக்குமாறு கூறி, நண்பகலில் வேறொன்றையும் தலையில் ஏற்றும் அதிகாரி, தம் பதற்றத்தைப் பிறர் உடலில் செலுத்துகின்றார். இருவரை மோதவிட்டால் வேலை பெருகும் என்று கணக்கிடும் முதலாளியின் நிலை, கிளையை உருவும் கைக்குக் கூலி கொடுத்து, அடுத்த ஆண்டின் பூவையும் இழக்கும் தோட்டக்காரரின் நிலையை ஒத்தது.

பணிபுரிவோர் பேணவேண்டியவையும் சில உண்டு. முதலாவது, உலகப் பேறுகளில் தமக்குக் கீழுள்ளவர்களை நோக்குதல். மேலுள்ளவர்களை நோக்கினால் அல்லாஹ்வின் அருட்கொடை சிறிதாகத் தோன்றும் என்பது நாயகம் (ஸல்) அவர்கள் தந்த அறிவுரை. நேற்றுவரை போதுமானதாக இருந்த சம்பளம், பக்கத்து மேசைக்காரரின் சம்பளம் தெரிந்த கணத்தில் கசந்துவிடுகின்றதே! பணம் குறையவில்லை; பார்வையே பிறழ்ந்தது.

இரண்டாவது, சினத்தை அடக்குதல். மல்லில் வெல்பவன் வீரனல்லன். கோபம் வரும்பொழுது தன்னை அடக்குபவனே வீரன் என்று நாயகம் (ஸல்) அவர்கள் நவின்றார்கள். நின்றுகொண்டிருக்கையில் கோபம் வந்தால் அமர்ந்துவிடுமாறும் பணித்தார்கள். இருதயத்திற்குப் பகைமையே பெரும் பகை என்று மருத்துவர் கண்டதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, தவக்கல். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின்மீது நம்பிக்கை வைக்குமாறு கற்பித்தார்கள் அண்ணலார். கட்டுவது நம் கடமை. இரவெல்லாம் எழுந்து எழுந்து கயிற்றைத் தொட்டுப் பார்ப்பது பதற்றம். காலையில் பசித்த வயிற்றுடன் புறப்படும் பறவை, மாலையில் நிறைந்த வயிற்றுடன் கூடு திரும்புகின்றது. அது கூட்டிலேயே கிடக்கவும் இல்லை. இருட்டிய பின்னும் பறந்துகொண்டிருக்கவும் இல்லை.

இல்லத்தைப் பேணும் தாய்மார்களுக்கும் இது பொருந்தும். அண்டை வீட்டு நிக்காஹ்வின் விருந்தைவிட நம் வீட்டு விருந்து மிஞ்சவேண்டும் என்னும் போட்டி, கணவரின் தோளில் கடனாக ஏறி, அவருடைய உறக்கத்தைப் பறிக்கின்றது. பிள்ளை வாங்கிவந்த மதிப்பெண்ணைப் பார்த்தவுடன் அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைக் கேட்கும் பழக்கம், நாளைய அவசரக்காரனை இன்றே வளர்க்கின்றது. நெஞ்சு வலி, படபடப்பு, நீங்காத உறக்கமின்மை ஆகியவை தோன்றினாலோ, பொறுமை என்ற பெயரால் மறைத்து வைத்திராமல் மருத்துவரை நாடுங்கள். மருந்து செய்துகொள்வதும் நபிவழியே.

வெள்ளிக்கிழமையின் வரம்

இவையனைத்தையும் ஒருசேரப் பயிலும் பள்ளிக்கூடமாக அல்லாஹ் நமக்கு ஜும்ஆவை அளித்திருக்கின்றான். பாங்கு சொல்லப்பட்டதும் வணிகத்தை விட்டு இறைநினைவின்பால் வருமாறும், தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அவன் அருளைத் தேடுமாறும், அவனை அதிகமாக நினைவுகூருமாறும் 62ஆம் அத்தியாயம் பணிக்கின்றது. தொழிலைத் துறந்துவிடச் சொல்லவில்லை. தொழிலை நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும் என்கின்றது. வணிகக் கூட்டம் வந்த ஓசை கேட்டு, நின்று பேசிக்கொண்டிருந்த நாயகம் (ஸல்) அவர்களை விட்டுவிட்டுப் பலர் ஓடியதையும், அல்லாஹ்விடம் உள்ளதே வணிகத்தைவிடச் சிறந்தது என்பதையும் அவ்வத்தியாயமே நினைவூட்டுகின்றது.

எனவே, இன்று பள்ளிவாசலுக்குச் சற்று முன்னதாகவே புறப்படுங்கள், புறப்பட்டபின் ஓடாதீர்கள். கைபேசியை அணைத்துவிட்டு, ருகூவிலும் சுஜூதிலும் உடல் அமைதியுறும்வரை நில்லுங்கள். ஸலாம் கொடுத்தபின் ஒரு கணம் அமர்ந்திருங்கள். பிறகு கடைக்கும் அலுவலகத்திற்கும் செல்லுங்கள். முன்னைவிட ஊக்கமாக உழையுங்கள். மாலையில் உரிய நேரத்தில் வீடு திரும்பி, பிள்ளைகள் விழித்திருக்கும்பொழுதே அவர்களுடன் அமர்ந்து உண்ணுங்கள். அன்றைய ரிஸ்க்கில் பரக்கத் எங்கே இருக்கின்றது என்பது அப்பொழுது உங்களுக்கே விளங்கும்.

நன்மையில் முந்தும் ஊக்கத்தையும், நடையில் நிதானத்தையும், கிடைத்ததில் நிறைவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.